ஷூக் என்றால் வண்டு

வெங்காயம் ஏற்ற வந்த கப்பல்
நாகப்பட்டினத்தில் அதை இறக்கிவிட்டுப் போனது.
எழுபத்திரண்டு, மாசி மாதம்.
இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி
அலைக்கு மேல் ஆடி ஆடி வந்தது.
பாசிப்பச்சை. பக்கத் தகரம் முழுக்க
வரிவரியாய் மடிப்பு. மூக்கு மட்டும் தவளைக்கு.

கப்பலின் இரண்டாம் மெக்கானிக் பெயரைச் சொன்னான்.
ழகரமும் இல்லை, ஷகரமும் இல்லை,
நடுவில் எங்கேயோ ஓர் இரைச்சல்: ஷூக்.
எங்களுக்கு விளங்கவில்லை என்றதும்
நெற்றியில் இரண்டு விரலை நட்டு
மணலில் ஊர்ந்தே காட்டினான்.
"வண்டு" என்றேன் நான்.
"வண்டிக்குப் பேரே வண்டா?" என்றார் அம்மாசி.
அன்றைக்கு ஏறியவர்
பதினெட்டு வருஷம் இறங்கவில்லை.

நான் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட்.
போலந்துக்குப் போகும் கடிதமெல்லாம் என் விரலில்தான்.
அதனால் அதன் பூர்வீகம் எனக்குத் தெரியும்.
பிறந்தது லுப்ளின், ஐம்பத்தொன்பதில்.
இஞ்சின் சொந்தமில்லை,
வார்ஸாவா என்கிற காரிடம் வாங்கியது.
அந்தக் காரே ருஷ்யாக்காரன் கொடுத்த வரைபடம்.
அங்கே முட்டைக்கோஸ் சுமந்தது,
கிராமத்துத் தீயணைப்புக்குக் குழாய் சுமந்தது.
இங்கே மிராசு ரெத்தினசபாபதி வாங்கிய பிறகு
உரமூட்டை, உளுந்து,
ஒருமுறை பனிக்குடம் உடைந்த ஒருத்தி,
எழுபத்தேழில் புயலுக்கு மறுநாள்
அதை எழுத வேண்டாம்.

எண்பதாம் வருஷம் வைகாசியில் கிளட்ச் தேய்ந்தது.
"அன்புடையீர், தட்டு ஒன்று, விமானத் தபாலில்"
என்று எழுதினேன்.
ஆடிக் கடைசியில் பதில்:
தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்.
என்ன காரணமென்று எழுதவில்லை,
எழுத முடிந்திருக்காது.
எப்போதோ ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
பக்கத்து ஊர் ஆலையில், சாப்பாட்டுக் கூடத்தில்
கட்லெட் விலையை ஏற்றியிருக்கிறார்கள்.
தட்டை வைத்துவிட்டு எழுந்தவர்கள்
மெஷினுக்குத் திரும்பவில்லை.
இரண்டொரு நாளில்
வண்டு செய்கிற ஆலையும் நின்றது.

கீழ்வேளூர்ப் பக்கம் குறுவை பழுத்து நின்றது.
கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டு
அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார்கள்.
மிராசுக்குக் கவலையில்லை.
வெளியூரில் நாற்பது அறுப்பாள் பேசி
முன்பணம் கொடுத்தாயிற்று.
ஓடம்போக்கி மதகுப் பாலத்தில்
டிராக்டர் பெட்டி நுழையாது, லாரி கிட்டேயே வராது.
வண்டு நுழையும்,
இரண்டு பக்கமும் நாலு விரல் விட்டு.
நாலு நடை அடித்தால் நாற்பது பேர்.

தினமும் ஆபீசுக்கு ஆள் வரும்: "வந்துச்சா?"
"வரலை" என்பேன், டைப்பைவிட்டு நிமிராமல்.
அம்மாசி வண்டிக்கடியில் கிடப்பார்.
ஒரு போல்ட்டை முறுக்குவார், அதையே கழற்றுவார்.
கேட்கிறவர்களுக்கெல்லாம் அடியிலிருந்தே குரல் வரும்:
"போலந்துல ஸ்டிரைக்காம்ல."

பதினோராம் நாள் கதிர் சாய்ந்தது,
கிழக்கே கருக்கல் வேறு.
அரைப்படி இல்லை, கால்படி என்று முடிந்தது.
மறுநாளே அம்மாசி
அம்பாசடர் தட்டொன்றை அறுத்துத் தேய்த்து மாட்டினார்.
பத்து வருஷம் ஓடியது அது.

தொண்ணூறில் காயலான் கடைக்காரன் உடைத்தபோது
பழைய காகிதத்துக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
டிரைவர் சீட்டுக்கடியில், சாக்குக்கும் அடியில்,
சணல் கட்டிய பொட்டலம், பிரிக்காதது.
உள்ளே எண்ணெய்த் தாளில் தட்டு, புது மெருகோடு.
மிராசின் மகன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது எப்ப வந்துச்சு?"
அம்மாசி பீடி பற்றவைத்தார்,
காற்றே இல்லாத இடத்தில்
மூன்று குச்சி பிடித்தது.

பொட்டலத்தின் மூலையில் ஸ்டாம்பு இருந்த இடம்
சதுரமாய்க் கிழிந்திருந்தது, தேதி முத்திரையோடு.
யாரும் அதைக் கேட்கவில்லை.
என் ஜெபப் புத்தகத்தில் அது இருக்கிறது,
புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில்
நானே கையெழுத்துப் போட்டு வாங்கியது.